ஓர் இரவுக்கு இரண்டு ஆள்

எண்ணூரில் கத்திவாக்கம் ஹைரோட்டை ஒட்டிய ஏதாவது ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக்கில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். "போன மாசந்தான சார் வந்தோம்? மறுபடியும் ஜுரம் அடிக்குதே!" டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் முதுகில் வைத்தபடியே சொல்வார்: "வைரல்தாம்மா. மூணு நாள்ல விட்டுடும்." பதில் சரிதான். ஆனால் அந்த அம்மா கேட்டது வேறு. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி என்பதுதான் அவர் கேட்டது. அதற்குப் பதில் கிடைக்காததால் அவரே ஒரு காரணம் வைத்துக்கொள்கிறார். தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டோம், ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, கல்யாண மண்டபத்தில் யார் கண்ணோ பட்டுவிட்டது. மாமியாரிடம் இன்னொரு காரணம் இருக்கும். அதில் மருமகள் பெயர் வரும்.

இந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் தேடிய ஊர் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும் 2002-ல் தொடங்கி, நகரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே போய், இன்று சளி உண்டா, பேதி உண்டா, ஜுரம் உண்டா என்று கேட்டுக் குறித்தார்கள். மூன்று வயது முடியும்வரை ஆய்வில் நிலைத்தவர்கள் 373 பேர். முதல் வயதின் கணக்கு 2008-ல் வெளியானது. சராசரியாக ஒரு குழந்தை ஆண்டுக்கு 12 முறை நோய்வாய்ப்பட்டிருந்தது. அவற்றில் ஏழுக்கு மேல் மூச்சு சம்பந்தப்பட்டவை. மூன்றரை அளவுக்கு வயிறு சம்பந்தப்பட்டவை. நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அந்த ஓராண்டில் ஐந்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு நோயோடு கழிந்திருந்தது. பீடி சுற்றும் வீடுகளில் இது இன்னும் கூடுதல்.

மாதத்துக்கு ஒரு முறை. அதாவது "போன மாசந்தான வந்தோம்" என்பது வேலூர்க் கணக்கின்படி அந்த வயதுக்குரிய நடப்பு. வளர்ப்பில் ஏதோ குறை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. இந்த எண்ணை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி மாமியார் மருமகள் சண்டை நிற்கும்.

காரணம் லேசானது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாக வந்த தாயின் எதிர்ப்புப் புரதங்கள் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. அதன்பின் பிள்ளை தானே கற்றுக்கொள்ள வேண்டும். கற்க வேண்டியதோ ஏராளம். சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோவைரஸில் மட்டும் 160 வகைகளுக்கு மேல் உண்டு. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றதற்கு அதிகம் உதவாது. அவற்றோடு ஆர்எஸ்வி, அடினோவைரஸ், இன்ஃபுளுயன்சா, கை கால் வாயில் கொப்புளம் தரும் காக்சாக்கி வைரஸ் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. தவழ ஆரம்பித்த பிள்ளை தரையை நக்கும், எல்லாவற்றையும் வாயில் வைக்கும், பால்வாடியில் இன்னொரு பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்னும். பாடங்கள் அந்த வழியாக வந்து சேருகின்றன.

பாடம் ஒரே தடவையில் பதிவதும் இல்லை. அதே வேலூர்க் குழந்தைகளிடம் ரோட்டாவைரஸை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள்ளாகவே 56 சதவீதக் குழந்தைகளை அது தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்றிய பிறகுகூட, கடுமையான அல்லது நடுத்தரப் பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவில் 1996-ல் வெளியான இதே மாதிரி ஆய்வில் இரண்டு தொற்றுகளுக்குப் பிறகே அந்தப் பாதுகாப்பு முழுமையாக இருந்தது. வைரஸ் அதிகமாகச் சுற்றும் இடத்தில் சீக்கிரம் தொற்றுகிறது, திரும்பத் திரும்பத் தொற்றுகிறது. 2017-ல் தமிழ்நாட்டில் ரோட்டாவைரஸ் சொட்டுமருந்து அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்ததற்குப் பின்னால் இந்த மாதிரிக் கணக்குகள் இருக்கின்றன.

ஏழை ஊர், நெரிசல், சாக்கடை என்று மட்டும் இதை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் 26 குடும்பங்களின் மூக்குச் சளியை ஓராண்டு முழுக்க வாரா வாரம் சோதித்தார்கள். பிள்ளை இல்லாத வீடுகளில் ஆண்டுக்கு மூன்று, நான்கு வாரம் வைரஸ் இருந்தது. ஒரு பிள்ளை இருந்த வீட்டில் 18 வாரம். பணக்கார நாட்டு வீடுகள் அவை.

சரி, பன்னிரண்டு முறை. பன்னிரண்டு முறையும் யாரோ ஒருவர் ராத்திரி விழித்திருக்கிறார். இந்த அத்தியாயம் அந்த ஆளைப் பற்றியது. வைரஸ் ஜுரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரடி மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் சுவரையும் அதன் புரதத் தயாரிப்பையும் தாக்குபவை. வைரஸிடம் இரண்டுமே இல்லை. ஆகவே சிகிச்சை என்று மிஞ்சுவது பார்த்துக்கொள்வது: குடிக்க வைப்பது, மூச்சைக் கவனிப்பது, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது. இவை மூன்றும் தெளிவான மூளை வேண்டுகிற வேலைகள். மூன்றாம் ராத்திரியில் அந்த மூளைதான் வீட்டில் இல்லாமல் போகிறது.

முதலில் அந்த ராத்திரிக்குள் போவோம். பதினொரு மணி. பிள்ளையின் நெற்றி கொதிக்கிறது. கையும் காலும் ஜில்லென்று இருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். உள்ளே நடப்பது இதுதான். வைரஸைக் கண்ட வெள்ளையணுக்கள் இன்டர்லூகின் எனப்படும் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. உடல் சூட்டை 37 டிகிரி செல்சியஸ் அருகில் காத்துவந்த ஹைபோதலாமஸ் இப்போது தன் இலக்கை 39-க்கு, நம் வீட்டு தெர்மாமீட்டர் கணக்கில் 102-க்கு, உயர்த்திக்கொள்கிறது. புது இலக்கை எட்டும்வரை உடல் தான் குளிரில் கிடப்பதாகவே நடந்துகொள்ளும். சூடு வெளியே போகாதிருக்கத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கை கால் ஜில்லிடும். தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். இந்த நேரத்தில் கனத்த போர்வையைச் சுற்றினால் சூடு இன்னும் ஏறும்; குளிர்ந்த நீரில் துடைத்தால் உடல் இன்னும் நடுங்கும். மெல்லிய பருத்திச் சட்டை, லேசான காற்று, குடிக்க ஏதாவது, இவை போதும். நெற்றியில் ஈரத்துணி போடுவது பெரிதாக எதையும் குறைக்காது. பிள்ளைக்குப் பிடித்திருந்தால் போடலாம், ஆயாவுக்கும் கைக்கு ஒரு வேலை.

சூடு ஏறுவதில் பலன் உண்டு. ரைனோவைரஸ் மூக்கின் 33 முதல் 35 டிகிரி வரையான குளிர்ச்சியில்தான் செழிக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் பல சூட்டில் சுறுசுறுப்பாகும். ஆகவே 102 என்ற எண் தன்னளவில் ஆபத்தின் அறிகுறி ஆகாது. 1980-ல் டென்வரில் பார்ட்டன் ஷ்மிட் என்ற குழந்தை மருத்துவர் பெற்றோர்களை விசாரித்து, ஜுரத்தைவிட ஜுரத்தின் மீதான பயம் பெரிதாக இருக்கிறது என்று எழுதினார். அவர் எண்ணூருக்கு வந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்.

பாராசிட்டமால் அந்தப் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது, இலக்கு இறங்குகிறது, அரை மணி, ஒரு மணியில் உடல் வியர்த்துச் சூடு ஒன்று, ஒன்றரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. நாலு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் தீர்ந்ததும் ஜுரம் திரும்பும். "மருந்து குடுத்தும் விடலையே" என்று இரண்டு மணிக்கு மனம் பதைக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இது. மருந்து கொடுப்பது பிள்ளை கொஞ்சம் கண்ணயரவும் நாலு மடக்குக் குடிக்கவும்தான். சூடு 100-லேயே நின்றாலும் பிள்ளை சிரித்தால் மருந்து வேலை செய்துவிட்டது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு ஜுரத்தோடு வலிப்பு வரலாம். பார்ப்பதற்கு உயிரே போவது போலிருக்கும். பெரும்பாலும் சில நிமிடத்தில் நிற்கும். மூளைக்குக் கேடு செய்யாது. பாராசிட்டமாலை மணிக்கணக்கு வைத்துக் கொடுப்பதால் அதைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கையில் இரும்புச் சாவி திணிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

இப்போது மருந்துக் குப்பி. இந்த அத்தியாயத்தில் நான் நிதானமாக நிற்க விரும்பும் இடம் இது.

பாராசிட்டமால் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ உள்ள ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். மெடிக்கல் ஷாப்பில் இதே மருந்து மூன்று உருவத்தில் கிடைக்கிறது. டிராப்ஸ் என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சாதா சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. இன்னொரு சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250. அந்தப் பிள்ளைக்கு டிராப்ஸில் ஒரு மில்லி போதும். முதல் சிரப்பில் நாலு மில்லி. இரண்டாவதில் இரண்டு மில்லி. மூன்றும் ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில், ஸ்ட்ராபெரி வாசனையோடு, ஒரே அலமாரியில் நிற்கும். கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய டிராப்ஸ் குப்பியைத் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, சிரப்பு என்று நினைத்து ஐந்து மில்லி கொடுத்தால் உள்ளே போவது 500 மில்லிகிராம், ஒரு பெரியவருக்கான மாத்திரை. அடுத்த அறையிலிருந்து அப்பா எழுந்து வந்து, யாரும் இன்னும் கொடுக்கவில்லை என்று எண்ணி இன்னொரு வேளை கொடுத்தால் கதை ஈரலில் முடியலாம்.

அளவு பிசகுவது முழுக்கத் தூக்கத்தால் மட்டும் இல்லை. 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 2,110 பெற்றோரிடம் பகல் வெளிச்சத்தில், அவசரம் ஏதுமின்றி, மருந்தை அளந்து காட்டச் சொன்னார்கள். 84 சதவீதம் பேர் குறைந்தது ஒரு முறையாவது அளவு தப்பினார்கள். பிசகுகளில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவானவை கூடுதல் அளவு. மூடியில் அளந்தவர்களைவிட ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்தவர்கள் மிகக் குறைவாகத் தப்பினார்கள். பகலிலேயே இப்படி என்றால் ராத்திரி?

ராத்திரிக்கும் கணக்கு இருக்கிறது. 1997-ல் ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும், ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்துக் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறனைச் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதை ஒத்திருந்தது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்தை எட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03. காலை ஆறு மணிக்குத் தண்ணி பிடிக்க எழுந்த அம்மா ராத்திரி பதினொரு மணிக்கே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். மணலி ரோட்டில் ஓட்டக் கண்டெய்னர் லாரியை அவர் கையில் கொடுக்க மாட்டோம்; ஒரு பிஞ்சு உடம்புக்கு மருந்து அளக்கும் பொறுப்பை மட்டும் கொடுத்திருக்கிறோம். 2003-ல் பென்சில்வேனியாவில் வேன் டாங்கன் குழுவினர் செய்த ஆய்வில் இன்னும் சங்கடமான ஒன்று தெரியவந்தது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் திறன் இரண்டு ராத்திரி தூங்காதவர்களின் நிலை வரைகூடச் சரிந்திருந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம் அசதி, மற்றபடி பரவாயில்லை என்றார்கள். களைத்த மூளையிடம் களைப்பாக இருக்கிறாயா என்று கேட்டுப் பயனில்லை.

எண்ணூர், திருவொற்றியூர் மக்களுக்கு இதற்கான விடை தெரியாததல்ல. ஆலையில் ராத்திரி சி ஷிப்ட் முடிந்து ஏ ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் பாய்லரை விட்டு யாரும் நகர மாட்டார்கள். நகரும்போது லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்: இத்தனை மணிக்கு இந்த வால்வு திறந்தது, இவ்வளவு அழுத்தம். ஞாபகத்தை நம்பக் கூடாது என்று தொழிற்சாலை எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அதே தொழிலாளி வீட்டுக்கு வந்தால், ஜுரம் கண்ட பிள்ளையின் மூன்று நாளும் மனைவியின் ஞாபகத்தில் ஓடுகிறது.

காலண்டரின் பின்பக்கம் போதும். மணி, கொடுத்த மருந்து, எத்தனை மில்லி, எவ்வளவு குடித்தான், எப்போது மூத்திரம் போனான். குப்பியில் பிள்ளைக்கான அளவை மார்க்கரால் பெரிதாக எழுதி, பழைய குப்பிகளை அன்றே தூக்கிப் போட்டுவிட வேண்டும். ராத்திரியை இரண்டாக வெட்ட வேண்டும். பத்திலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஆறு வரை இன்னொருவர். அப்போது ஒவ்வொருவருக்கும் விடாமல் நாலு மணி நேரத் தூக்கமாவது கிடைக்கும். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் என்றாலோ, நெட்டுக்குப்பத்தில் விடியும் முன் கடலுக்குப் போகிறவர் என்றாலோ, இரண்டாவது ஆள் ஆயாவாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். யாருமே இல்லாதவர்களுக்குப் பகல்தான் மிச்சம்: பிள்ளை தூங்கும் மதியத்தில் பாத்திரம் கிடக்கட்டும் என்று தானும் படுத்துவிடுவது. விடாது அழும் பிள்ளையின் மேல் கோபம் தலைக்கேறினால், பாயில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு இரண்டு நிமிடம் வாசலில் போய் நின்று வருவதில் தவறேதும் இல்லை. அந்த இரண்டு நிமிட அழுகை பிள்ளையை ஒன்றும் செய்யாது.

அந்தத் தூக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. 2015-ல் வெளியான ஆய்வில் ஷெல்டன் கோஹன் குழுவினர் 164 பேரின் மூக்கில் ரைனோவைரஸ் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கு மேல் இருந்தது. பிள்ளைக்கு விட்ட அன்றே அம்மா படுத்துவிடுவது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது ஆள் இல்லாத வீட்டில் அந்த இடத்தை நிரப்ப வருவது இருமல் சிரப்பு. ஒன்றை வெளிப்படையாகச் சொல்லலாம்: சிறு பிள்ளைகளுக்கான சளி, இருமல் சிரப்புகள் இருமலைக் குறைப்பதாக நல்ல ஆதாரம் இல்லை. அவற்றில் உள்ள குளோர்பெனிரமின் போன்ற பொருள் மயக்கம் தரும், பிள்ளை தூங்கும், வீடு தூங்கும். வாங்குபவர் காசு கொடுப்பது அந்தத் தூக்கத்துக்காகத்தான். குளோர்பெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சாதாரணச் சளி ஜுரத்துக்குச் சிரப்பு குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த கோல்ட்ரிஃப் சிரப்பு தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது; அனுமதிக்கப்படும் அளவு 0.1. இனிப்பான, மலிவான தொழிற்சாலைக் கரைப்பான் அது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்காலின் இடத்தில் அது புகுந்துவிடுவது உலகெங்கும் பழைய கதை; 1972-லேயே சென்னையில் 15 குழந்தைகளை இது கொன்றிருக்கிறது. அந்தச் சிரப்பின் லேபிளில் பாராசிட்டமாலும் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கலப்படமே இல்லாவிட்டாலும், ஜுர மருந்தோடு சேர்த்து இப்படி ஒரு சளி சிரப்பையும் கொடுக்கும் வீட்டில் பாராசிட்டமால் இரண்டு வழியாகப் பிள்ளைக்குள் போகிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம்; இருமலுக்கு அதற்கு உள்ள ஆதாரம் இந்தச் சிரப்புகளுக்கு இல்லை. ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவும் பழக்கமும் வேண்டாம். கற்பூரம் சிறு பிள்ளைகளின் உடம்பில் சேர்ந்தால் வலிப்பையே உண்டாக்கும்.

எண்ணூரில் இருமலைப் பற்றி எழுதிவிட்டுக் காற்றைப் பற்றி எழுதாமல் போக முடியாது. அனல்மின் நிலையம், சாம்பல் குட்டை, மணலி சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரி லாரி என்று எல்லாம் ஒரே மூச்சுக்குள் வரும் ஊர் இது. நுண்துகள் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, சளியை மேலே தள்ளும் மெல்லிய ரோமங்களை மந்தமாக்கும். அப்படிப்பட்ட குழாயில் வைரஸ் சுலபமாக இறங்கும், இருமலும் இழுத்துக்கொண்டே போகும். ஆனால் வீட்டுப் புகையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வில் விறகடுப்பு வீடுகளுக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். நுண்துகள் பாதிக்கும் கீழே குறைந்தது. கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறையவில்லை. 2024-ல் வந்த அந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. வெளிக்காற்று, நெரிசல், சத்துக்குறைவு எல்லாம் அப்படியே இருக்கும்போது அடுப்பு மட்டும் மாறி என்ன ஆகும் என்பது என் எண்ணம். கொசுவர்த்திச் சுருளை மட்டும் நிறுத்தச் சொல்வேன். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் அளந்திருக்கிறார்கள். கொசுவலை இருக்கிறதே.

காற்றா வைரஸா என்று பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக நாள் எடுக்கும்: ரைனோவைரஸ் என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாள், ஆர்எஸ்வி என்றால் நாலிலிருந்து ஆறு. பிள்ளைக்கு வந்து, அக்காவுக்கு வந்து, பிறகு அப்பாவுக்கு வரும். வாயு அப்படி வராது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, தெருவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் சாலைக்கு ஓடியது. அம்மோனியா ஈரத்தில் உடனே கரையும் வாயு. ஆகவே கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் உடனே தெரியும். ஜுரம் இல்லாமல், வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருமினால், மருந்தைத் தேடாமல் இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

விழித்திருக்கும் ஆள் எதைப் பார்க்க வேண்டும்? தெர்மாமீட்டரைவிட மூச்சை. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயதுக்கு மேல் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ, ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தாலோ வீட்டில் வைத்துக்கொள்ள நேரமில்லை. குடிக்கவே முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் எழாத சோர்வு, எட்டு மணி நேரமாக மூத்திரம் இல்லாமை ஆகியவையும் அதே கணக்குதான். நள்ளிரவானாலும் ஸ்டான்லியோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ திறந்துதான் இருக்கும். சாப்பிடவில்லையே என்று மட்டும் கலங்க வேண்டாம். இரண்டு, மூன்று நாள் சோறு குறைந்தால் பாதகமில்லை, தண்ணீர் குறையக் கூடாது. பேதி என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுதாக, அதில் குறித்திருக்கும் அளவு நீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போகும்.

ஜுரம் விட்ட நாளிலும் ஒரு கண் இருக்கட்டும். மூன்று நாள் கடுமையாகக் காய்ந்து, விட்ட அன்று உடலெங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு வந்து பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் ரோசியோலா. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் தொட்டுவிட்டுப் போகும் ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸின் வேலை. அம்மை என்று வேப்பிலை கட்டினாலும் அதுவாகவே போய்விடும். டெங்கு வேறு மாதிரி. அதில் ஜுரம் இறங்கும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தான கட்டம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். சூடு தணிந்த பிள்ளை விளையாடாமல் துவண்டு கிடந்தால், வயிற்று வலி என்று முனகினால், விடாமல் வாந்தி எடுத்தால், கை கால் ஜில்லென்று ஆனால், அன்று யாரும் நிம்மதியாகத் தூங்கப் போகக் கூடாது. டெங்கு காலத்தில் ஜுரத்துக்கு இபுபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் என்று டாக்டர்கள் சொல்வது ரத்தக் கசிவைப் பயந்துதான்.

பிறகு இருமல் மிஞ்சும். பத்தாம் நாள், "இன்னும் விடலையே, ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று திரும்பக் கிளினிக்குக்குப் போவதும், அங்கே ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டு திரும்புவதும் பெரும்பாலும் இந்த இருமலுக்காகத்தான். 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சளிக்குப் பின் வரும் இருமல் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு விட்டுப்போக 25 நாள் ஆகிறது என்று தெரிந்தது. மூச்சு சீராக இருந்து, பிள்ளை ஓடியாடி, ராத்திரி ஓரளவு தூங்கினால் இருபதாம் நாள் இருமலுக்கு மருந்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. அதற்குள் அடுத்த வைரஸ் வந்துவிட்டால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.